உயர்விலை இன்டர்கனெக்ட் கேபிள்கள்: கட்டமைப்பில் எது காதை எட்டுகிறது?

இசைத்தட்டு எழுதியது:

வணக்கம். வரவேற்பறையை மாற்றி அமைத்ததில், இரண்டு மோனோ பவர் ஆம்ப்ளிஃபையர்களும் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. டர்ன்டேபிள், அதன் நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ், சி.டி. பிளேயர், பவர் ஆம்ப்களுக்கு முன் நிற்கும் வால்வு ப்ரீஆம்ப் ஆகியவை எதிர்ச்சுவர் அலமாரிக்குப் போய்விட்டன. ஆகவே ப்ரீஆம்பிலிருந்து பவர் ஆம்ப்களுக்கு ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. இன்டர்கனெக்ட் கேபிள் (கருவிக்குக் கருவி சமிக்ஞையைக் கொண்டுபோகும் கேபிள்) தேவைப்படுகிறது. டர்ன்டேபிளுக்கும் சி.டி. பிளேயருக்கும் ஒரு மீட்டர் போதும். இசைத்தட்டைத் தொடும் ஊசியுள்ள கார்ட்ரிட்ஜ், ஆர்டோஃபோன் 2எம் ரெட். ப்ரீஆம்ப், உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர் 12ஏஎக்ஸ்7 வால்வுகளை வைத்துக் கட்டிக்கொடுத்தது.

கேபிள் பார்க்கப் போன இடத்தில் வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். வெள்ளிக் கம்பி, காற்றிடைவெளியுடன் கூடிய டெஃப்லான் காப்பு, முறுக்கிய ஜோடி அமைப்பு, ஒரு முனையில் மட்டும் இணைக்கப்பட்ட ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை), மேலே திசை காட்டும் அம்புக்குறி. ஒரு மீட்டர் ஜோடியின் விலை 60,000 ரூபாயை நெருங்குகிறது. ஐந்து மீட்டருக்கு விலை கேட்டபோது அது என் ப்ரீஆம்பின் விலையையே தாண்டிவிட்டது. முதல் நூறு மணி நேரம் ஓடிய பிறகே உண்மையான ஒலி வெளிப்படும் என்றும் சொன்னார்கள்.

இப்போது தற்காலிகமாக மெல்லிய, மலிவான ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றைப் போட்டிருக்கிறேன். இசைத்தட்டிலும் சி.டி.யிலும் மேல் ஸ்தாயி சற்று மங்கியதுபோல் இருக்கிறது. இரவில் ஸ்பீக்கருக்கு அருகே போனால் மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. இந்த இரண்டும் கேபிளால் வருபவையா? வெள்ளி, டெஃப்லான், அம்புக்குறி என்று சொல்லப்படுபவற்றில் எவை உண்மையில் ஒலியை மாற்றுகின்றன, எவை வெறும் அலங்காரம்? "எல்லாக் கேபிளும் ஒன்றே" என்றோ "காசுக்கேற்ற ஒலி" என்றோ ஒற்றை வரியில் முடிக்காமல், காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பற்றாசு எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்விக்குக் கேபிளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. இன்டர்கனெக்ட் கேபிள் தானாக எந்த ஒலியையும் கொண்டிருப்பதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸும் (மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை), பின்னால் நிற்கும் கருவியின் உள்ளீட்டு இம்பீடன்ஸும் சேர்ந்தே அது என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் உலோகத்தை முடித்துவிடுவோம், ஏனெனில் விலையின் பெரும்பகுதி அதன் பெயரால்தான் வாங்கப்படுகிறது. ஒலியில் அதன் பங்கோ மிகச் சிறியது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம். அது 47,000 ஓம் உள்ளீட்டுக்குச் சமிக்ஞையைக் கொண்டுபோகும்போது ஏற்படும் இழப்பு, ஒரு டெசிபெலின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு அளவே. செம்பை எடுத்துவிட்டு வெள்ளியைப் போட்டால் இந்தத் தடை ஏறத்தாழ ஆறு சதவீதம் குறையும். ஆனால் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் மாறுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: சித்திரை மாதப் பிற்பகலில் ஏ.சி.யைப் போட்டு அறையைப் பதினைந்து டிகிரி குளிரவைத்தால், செம்புக் கம்பியே வெள்ளியின் தடைக்கு இறங்கிவிடும். ஏ.சி. போட்டதும் இசை "வெள்ளியாக" மாறியது என்று இதுவரை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அதிர்வெண் கூடும்போது மின்னோட்டம் கம்பியின் புறப்பகுதிக்கு ஒதுங்கும் 'ஸ்கின் எஃபெக்ட்' பற்றியும் விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். 20 கிலோஹெர்ட்ஸில் செம்புக்கு அந்த ஆழம் 0.46 மில்லிமீட்டர். நம் கம்பியின் ஆரமே அதில் பாதியளவுதான் என்பதால், கேட்கக்கூடிய அதிர்வெண்கள் முழுவதிலும் மின்னோட்டம் கம்பி முழுவதையும் பயன்படுத்துகிறது. ஜப்பானில் சிபா தொழில்நுட்பக் கழகத்தின் அட்சுமி ஓனோ உருவாக்கிய தொடர் வார்ப்பு முறையில் செய்யப்படும் நீண்ட படிகச் செம்பு, உலோகவியலில் உண்மையான சாதனை. அதை மறுக்கவில்லை. படிக எல்லைகளைச் சமிக்ஞை கடக்கும்போது ஒலி சிதைகிறது என்று அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் கதைக்குத்தான் அளவீட்டு ஆதாரம் இல்லை. சாதாரண செம்பிலும் அப்படியொரு சிதைவு கருவிகளில் தென்படுவதில்லை.

கேபிளில் கவனிக்கத்தக்கது மின்தேக்குத்திறன். நடுக்கம்பியும் அதைச் சூழ்ந்த ஷீல்டும் சேர்ந்து ஒரு நீளமான கெபாசிட்டர் ஆகிவிடுகின்றன. அது முன்கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸோடு சேர்ந்து மேல் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியாகிறது. காப்புப் பொருளின் பங்கு வருவது இங்கேதான். பி.வி.சி.யின் மின்காப்பு மாறிலி மூன்றுக்கு மேல், பாலிஎத்திலீன் 2.3, டெஃப்லான் 2.1, நுரைத்த பாலிஎத்திலீன் ஒன்றரையை ஒட்டி, காற்று ஒன்று. மாறிலி குறையக் குறைய மின்தேக்கமும் குறையும். ஆக, விற்பனையாளர் சொன்ன டெஃப்லானும் காற்றிடைவெளியும் பொய்யல்ல. ஆனால் நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு கொண்ட மலிவான நுரைக்காப்புக் கோஆக்சியல் கேபிளே டெஃப்லானை விடக் குறைந்த மின்தேக்கத்தைத் தந்துவிடுகிறது.

எண்களைப் பாருங்கள். சி.டி. பிளேயரின் வெளியீடு 100 ஓம், ஒரு மீட்டர் கேபிள் 100 பிகோஃபாரட் என்றால், வெட்டு அதிர்வெண் (ஒலி மூன்று டெசிபெல் இறங்கும் இடம்) ஏறத்தாழ 16 மெகாஹெர்ட்ஸ். காதுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த இடத்தில் 60,000 ரூபாய் எதையும் வாங்கித் தராது. உங்கள் ப்ரீஆம்பின் கதை வேறு. 12ஏஎக்ஸ்7 வால்வின் உள் தடை 60 கிலோஓமுக்குச் சற்று மேல். அதன் ஆனோடு முனையில் 100 கிலோஓம் சுமை வைத்து, அங்கிருந்தே நேராக வெளியீடு எடுத்திருந்தால் வெளியீட்டு இம்பீடன்ஸ் 38 கிலோஓமுக்கு அருகில் நிற்கும். ஐந்து மீட்டர் கேபிள் 500 பிகோஃபாரட் ஆனால், ஏறத்தாழ 8,400 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபெல் இறக்கம் வந்துவிடும். நீங்கள் சொல்லும் மங்கல் இதுவாகவே இருக்கக்கூடும். அதே ப்ரீஆம்பில் இறுதியாக ஒரு கேதோடு ஃபாலோயர் (வெளியீட்டு இம்பீடன்ஸைக் குறைக்கும் வால்வுச் சுற்று) இருந்து, வெளியீடு ஆயிரம் ஓமாக இருந்தால் வெட்டு 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அப்போது எந்தக் கேபிளைப் போட்டாலும் கவலையில்லை. ஆகவே கேபிள் கடைக்குப் போகும் முன் அந்தக் கைவினைஞரிடம் சுற்றுப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

டர்ன்டேபிளிலிருந்து போனோ ஸ்டேஜுக்குப் போகும் கேபிள் மட்டும் தனி வகை. 2எம் ரெட் கார்ட்ரிட்ஜின் மின்தூண்டல் 700 மில்லிஹென்றி. அது கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து ஒத்ததிர்வை உண்டாக்குகிறது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன்ஆர்மின் உள்கம்பி, கேபிள், போனோ ஸ்டேஜ் மூன்றும் சேர்ந்து 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 13.5 கிலோஹெர்ட்ஸ் அருகில் வரும். மொத்தம் 450 என்றால் அது 9 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, அங்கே ஓரிரு டெசிபெல் மேட்டை உண்டாக்கி, அதற்கு மேல் செங்குத்தாகச் சரியும். 15 கிலோஹெர்ட்ஸில் இரண்டுக்குமிடையே ஏறத்தாழ நான்கு டெசிபெல் வேறுபாடு என்று கணக்குச் சொல்கிறது; நல்ல காது உள்ள எவருக்கும் அது கேட்கும். ஆர்டோஃபோன் இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 150 முதல் 300 பிகோஃபாரட் வரை பரிந்துரைப்பதும் இதனால்தான். ஒரு வேடிக்கை என்னவென்றால், கேபிளால் ஒலி மாறும் என்பதற்கு அசைக்க முடியாத சான்று கிடைக்கும் இந்த இடத்தில், உயர்விலைக் கேபிள்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் மின்தேக்க எண்ணை அச்சிடுவதே இல்லை.

வால்வுப் பிரியன் எழுதியது:

நண்பர் பற்றாசு அவர்களின் கணக்கில் பிழை காண நான் வரவில்லை. ஆயினும் கேபிள் வடிவமைப்பை ஒரே ஒரு கெபாசிட்டராகச் சுருக்கிவிடுவது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையில் உழைத்தவர்களுக்கு நியாயம் செய்வதாகாது என்று கருதுகிறேன்.

யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் ரே கிம்பர் தொடங்கிய கிம்பர் கேபிள் நிறுவனம், ஷீல்டே இல்லாமல் மூன்று கம்பிகளைச் சடைபோலப் பின்னி இன்டர்கனெக்ட் செய்கிறது. பின்னலில் ஒவ்வொரு கம்பியும் மற்றதைக் குறுக்காகக் கடப்பதால், வெளியிலிருந்து வரும் காந்தப்புல இரைச்சல் அடுத்தடுத்த கண்ணிகளில் எதிரெதிராக விழுந்து பெருமளவு தானே கழிந்துவிடுகிறது. ஜார்ஜ் கார்டாஸ், கம்பியின் இழைகளைத் தங்க விகிதத்தில் உள்ளிருந்து வெளியே பருமனாக்கிக்கொண்டே போனார். இழைகள் ஒரே அளவில் இருந்தால் அவற்றின் இயற்பியல் அதிர்வுகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்பது அவர் வாதம். நார்டோஸ்ட், கம்பியின்மேல் மெல்லிய இழையொன்றைச் சுருளாகச் சுற்றி, அதன்மேல் காப்புக் குழாயைப் போர்த்துகிறது. ஆகவே கம்பி காப்பைத் தொடுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் காற்றில் நிற்கிறது. ஆடியோகுவெஸ்ட் தன் மேல்தட்டு மாதிரிகளில் 72 வோல்ட் மின்கலத் தொகுதியைக் கேபிளிலேயே பொருத்தி, காப்புப் பொருளை எப்போதும் மின்னேற்ற நிலையில் வைத்திருக்கிறது. நெதர்லாந்தின் வான் டென் ஹுல் உலோகத்தையே விட்டுவிட்டுக் கார்பன் இழையில் கேபிள் செய்தார். இவர்கள் அனைவரும் ஒரே பொய்யைச் சொல்வதானால், இத்தனை வேறுபட்ட பாதைகளில் போகவேண்டிய அவசியம் என்ன?

என் வால்வு அமைப்பில் ஷீல்டுள்ள கோஆக்சியல் கேபிளைக் கழற்றிவிட்டுப் பின்னல் கேபிளைப் போட்டபோது, குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவின் ஜீவா (தந்திக்கடியில் வைக்கும் நூலால் எழும் மேல் ஒத்திசைகள்) இன்னும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. இதை நான் கற்பனை என்று ஒதுக்கத் தயாராக இல்லை. அளவுகோலில் இன்று தென்படாததெல்லாம் இல்லாதது என்று சொல்லிவிட முடியுமா? முன்னொரு காலத்தில் சி.டி.யின் கடிகாரத் துடிப்பில் வரும் நுண்ணிய தள்ளாட்டத்தையும் "கேட்கவே முடியாது" என்றுதான் கூறினார்கள். பின்னர் அதற்கான அளவீடுகள் வந்தன.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்தால் கனமாக, பற்றவைப்பு சுத்தமாக, பிளக் சாக்கெட்டில் உறுதியாகப் பற்றும்படி செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு நான் பணம் கொடுக்கிறேன். கைக்கடிகாரத்தில் நேரம் மட்டும் பார்ப்பவர்கள் அதிக விலைக்குக் கடிகாரம் வாங்குவதில்லை. உங்களிடம் வசதியிருந்தால், ஒரு மீட்டர் ஜோடியை இரவல் வாங்கி ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்; உங்கள் காதே தீர்ப்புச் சொல்லட்டும்.

ஒலிப்பதிவறை எழுதியது:

ஒலிப்பதிவுக் கூடங்களில் கேபிள் இழுப்பது என் தொழில் என்பதால், கேள்வியில் இருந்த ரீங்காரத்தை இதுவரை யாரும் தொடாதது எனக்கு உறுத்துகிறது. ஐந்து மீட்டர் ஆர்.சி.ஏ. கேபிளில் வேறெதையும் விட முதலில் பார்க்கவேண்டியது அதுதான்.

ஆர்.சி.ஏ. இணைப்பில் ஷீல்டுக்கு இரட்டை வேலை. வெளி இரைச்சலைத் தடுப்பதோடு, சமிக்ஞை திரும்பிப் போகும் பாதையும் அதுவே. கருவிகள் ஒவ்வொன்றின் பவர் சப்ளையிலிருந்தும் கசியும் சிறு மின்னோட்டம் இந்த ஷீல்டு வழியாகவே ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் பாய்கிறது. அது 250 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத் தாளும் மெல்லிய வடிகால் கம்பியும் கொண்ட மலிவான கேபிளில் ஐந்து மீட்டருக்கு ஷீல்டின் தடை 0.6 ஓம் இருக்கலாம். அப்போது அதில் 150 மைக்ரோவோல்ட் இரைச்சல் தோன்றி, நேராகச் சமிக்ஞையோடு கூடிவிடும். பவர் ஆம்ப் அதை இருபது மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கர் முனையில் மூன்று மில்லிவோல்ட். 50 ஹெர்ட்ஸை மட்டும் காது பொருட்படுத்தாது போகலாம். ஆனால் கூடவே வரும் 150, 250 ஹெர்ட்ஸ் ஒத்திசைகள், ஊர் அடங்கிய பிறகு நன்றாகவே கேட்கும். இதே இடத்தில் அடர்த்தியான செம்புப் பின்னல் ஷீல்டு, மீட்டருக்கு 0.01 ஓம் தடையுள்ளது, போட்டிருந்தால் இரைச்சல் 20 டெசிபெலுக்கு மேல் இறங்கும். உள்ளே ஓடும் கம்பி வெள்ளியா செம்பா என்பதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இப்போது அம்புக்குறியைப் பாருங்கள். முறுக்கிய இரண்டு கம்பிகள், ஒன்று போக, ஒன்று வர. ஷீல்டு ஒரு முனையில் மட்டும் இணைப்பு. அம்பு காட்டுவது ஷீல்டு எந்தப் பக்கம் இணைந்திருக்கிறது என்பதைத்தான். மின்சாரம் ஒரு திசையை விரும்புகிறது என்பதை அல்ல. சமிக்ஞை மாறுதிசை மின்னோட்டம், அது இரு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் இந்த அமைப்பில் திரும்பும் பாதை பருமனான ஷீல்டு அல்ல, அரை மில்லிமீட்டர் கம்பி. ஐந்து மீட்டருக்கு அதன் தடை 0.42 ஓம். அதாவது, கசிவு மின்னோட்டத்தால் வரும் ரீங்காரத்தைப் பொறுத்தவரை, "அரை பேலன்ஸ்டு" என்று புகழப்படும் இந்த விலையுயர்ந்த வடிவமைப்பு, ஒரு நல்ல செம்புப்பின்னல் கோஆக்சியல் கேபிளை விட எட்டு மடங்கு மோசமானது. ஒரு மீட்டரில் இது தெரியாமல் போகலாம். ஐந்து மீட்டரில் தெரியும்.

எங்கள் துறையில் இந்தத் தொல்லைக்கெல்லாம் பேலன்ஸ்டு இணைப்புத்தான் விடை. அதற்கான மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் ஷீல்டு சமிக்ஞையைச் சுமப்பதில்லை. இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலை ஏற்கும் கருவி கழித்துவிடுகிறது. இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் எதிரெதிராக ஆடுவதால்தான் இரைச்சல் கழிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரு கம்பிகளும் எர்த்தை நோக்கி ஒரே இம்பீடன்ஸைக் காட்டுவதுதான் அடிப்படை. கருவியின் உள்ளேயே, முதல் பின்னில் வரும் ஷீல்டைச் சட்டகத்தோடு சேர்க்காமல் சர்க்யூட் போர்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிழையை, நீல் மன்சி 1995-இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் (ஏ.இ.எஸ்.) இதழில் "முதல் பின் சிக்கல்" என்று பெயரிட்டு விளக்கினார். அதற்கான தர விதி ஏ.இ.எஸ்.48 என்ற பெயரில் 2005-இல் வந்தது. இன்றும் அந்தப் பிழையோடு விலையுயர்ந்த கருவிகள் சந்தைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட கருவியை எந்தக் கேபிளும் காப்பாற்றாது. நான்கு கம்பிகளை முறுக்கும் ஸ்டார் குவாட் வகை, டிரான்ஸ்ஃபார்மர் அருகே போகும் மைக் கேபிளுக்கு மிகச் சிறந்தது. ஆனால் அதன் மின்தேக்கம் மீட்டருக்கு 150 பிகோஃபாரடை ஒட்டி இருப்பதால், உங்கள் வால்வு ப்ரீஆம்ப் போன்ற உயர் இம்பீடன்ஸ் வெளியீட்டில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

ரீங்காரத்தைத் தேடும் முறை எளிது. பவர் ஆம்ப்பின் உள்ளீட்டிலிருந்து கேபிளைக் கழற்றி, உள்ளீட்டின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் குறுக்கிணைத்துக் கேளுங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் அது ஆம்ப்பினுடையது. போய்விட்டால் ப்ரீஆம்பை மட்டும் இணைத்துக் கேட்டு, பிறகு ஒவ்வொரு கருவியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். செட்டாப் பாக்ஸ் இதே அமைப்பில் இணைந்திருந்தால் சந்தேகத்தை முதலில் அதன்மேல் வையுங்கள், ஏனெனில் தெருக்கம்பத்திலிருந்து வரும் கேபிள் டி.வி. ஒயர் தனியொரு எர்த்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கருவிகள் அனைத்தையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால், பவர் ஆம்ப் முனையில் தரமான ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்கலாம். உங்கள் ப்ரீஆம்ப் அதை ஓட்டவல்லதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரீங்காரம் போகிறதே என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது. வால்வுக் கருவிக்குள் முந்நூறு வோல்ட் நிற்கிறது.

இசைத்தட்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ப்ரீஆம்பைக் கட்டியவரிடம் பேசினேன். ஆனோடிலிருந்தே நேராக வெளியீடு எடுத்திருப்பதாகவும், ஒரு மீட்டர் கேபிளுக்கு என்று நினைத்து வடிவமைத்ததாகவும் சொன்னார். ஒரு வால்வைக் கூட்டிக் கேதோடு ஃபாலோயர் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு ஆகும் செலவு, சொல்லப்பட்ட கேபிள் விலையின் ஒரு சிறு பகுதிதான்.

செட்டாப் பாக்ஸைக் கழற்றியதும் ரீங்காரம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி, ஷீல்டுத் தடையாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஐந்து மீட்டர் கேபிளை நானே செய்துகொள்ளலாமா? மேலும், வால்வுப் பிரியன் அவர்கள் சொன்னபடி அந்த ஒரு மீட்டர் வெள்ளிக் கேபிளை இரவல் வாங்க வாய்ப்பிருக்கிறது. அதை நேர்மையாக ஒப்பிட என்ன முறை?

பற்றாசு எழுதியது:

தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் கேபிள் டி.வி.க்காக விற்கும் ஆர்.ஜி.6 வகையை வாங்கிவிடாதீர்கள். அதில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, பின்னல் அலுமினியம். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. ஷீல்டின் தடையும் கூடுதல். ஆர்.ஜி.59 வகையில் முழுச் செம்பு நடுக்கம்பி, நுரைக்காப்பு, அடர்ந்த செம்புப் பின்னல் என்று கேட்டு வாங்குங்கள். பெல்டன், கனாரே போன்றவர்களின் வீடியோ கேபிள்களில் மின்தேக்கம் மீட்டருக்கு 55 முதல் 70 பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும், அந்த எண்ணைத் தரவுத்தாளில் அச்சிட்டும் இருப்பார்கள். கேதோடு ஃபாலோயருக்குப் பிறகு உங்களுக்கு மின்தேக்கம் ஒரு பொருட்டல்ல என்றாலும், கெடுதல் ஒன்றுமில்லை.

பிளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.சி.ஏ. பிளக், அந்தப் பெயருள்ள நிறுவனம் வானொலி-இசைத்தட்டுப் பெட்டிகளின் உள்ளிணைப்புக்காகச் செய்த மலிவான பொருள். செருகும்போது எர்த்துக்கு முன்னால் நடுப்பின் தொட்டுவிடுகிறது என்ற பிறவிக் குறை அதற்கு இன்றும் உண்டு, பவர் ஆம்ப் ஓடும்போது கழற்றி மாட்டினால் ஸ்பீக்கரில் பெரும் இடி விழுவதன் காரணம் அதுவே. வெளிவளையம் சாக்கெட்டை இறுகப் பிடிக்காவிட்டால், ஷீல்டில் நீங்கள் மிச்சப்படுத்திய மில்லிஓம்கள் எல்லாம் அங்கே போய்விடும். தங்கமுலாம் பூசிய, இறுகப் பற்றும் பிளக்காகப் பாருங்கள். வெள்ளிமுலாம் நம் ஈரக்காற்றில் சில மாதங்களில் கறுக்கும்.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். நண்பர் வால்வுப் பிரியன் கேட்ட வேறுபாட்டை நான் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஷீல்டுள்ள கேபிளை எடுத்துவிட்டு, மின்தேக்கம் குறைந்த பின்னல் கேபிளை ஒரு வால்வு வெளியீட்டில் போட்டால் மேல் அதிர்வெண் உண்மையாகவே மாறக்கூடும். தம்புராவின் ஜீவா இருப்பதும் அந்த மேல் ஒத்திசைகளில்தான். அதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை, அளந்தே காட்டிவிடலாம். கேபிளில் கார்பன் போட்டாலும், நடுவில் பெட்டி வைத்து உள்ளே வடிகட்டிச் சுற்றை ஒளித்தாலும், ஒலி மாறினால் அது தடையாகவோ, தேக்கமாகவோ, தூண்டலாகவோ, இரைச்சலாகவோதான் தென்படும். ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. கேபிளின் விலை தெரிந்த காது நடுநிலையாக இருக்க முடியாது, என் காதும் அப்படியே. நூறு மணி நேரத்துக்குப் பின் வெளிப்படும் என்று சொல்லப்படும் ஒலி, கேபிள் பழகியதால் வருவதல்ல, கேட்பவர் பழகியதால் வருவது என்றே நினைக்கிறேன்.

ஆகவே வீட்டில் ஒருவரை உங்கள் பார்வைக்கு மறைவாக நின்று கேபிளை மாற்றச் சொல்லுங்கள். எதைப் போடுவது என்பதை அவர் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பாடலின் ஒரே பகுதி, ஒலியளவுத் திருகைத் தொடக்கூடாது. பதினாறு முறையில் பன்னிரண்டாவது சரியாகச் சொல்லவேண்டும். வெறும் ஊகத்தில் அப்படி நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. பத்தில் ஏழு சரி என்பது ஊகத்திலேயே ஆறில் ஒரு முறை நிகழ்ந்துவிடும் என்பதால் அதை வெற்றியாகக் கொள்ளாதீர்கள். கணினியில் நல்ல ஒலிப்பதிவு இடைமுகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: சி.டி. பிளேயரின் வெளியீட்டை இரண்டு கேபிள்களிலும் தனித்தனியே பதிந்து, டெல்டாவேவ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சுவதைக் கேட்கலாம். முதலில் ஒரே கேபிளில் இரண்டு முறை பதிந்து கழித்துப் பாருங்கள், அப்போதும் ஏதோ ஒன்று மிஞ்சும்; உங்கள் கருவிகளின் எல்லை அது. வெள்ளிக் கேபிளின் மிச்சம் அதற்கு மேலே எழுகிறதா என்பதுதான் கேள்வி.

டர்ன்டேபிள் கேபிளை மட்டும் இந்தச் சோதனைகளுக்கு முன்பே சரிசெய்துவிடலாம். பிகோஃபாரட் அளக்கக்கூடிய மல்டிமீட்டரை எடுத்து, கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, நடுப்பின்னுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளந்து, மீட்டரின் முனைக்கம்பிகள் மட்டும் காட்டும் மதிப்பை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். போனோ ஸ்டேஜின் கையேட்டில் உள்ளீட்டு மின்தேக்கம் எவ்வளவு, அதை மாற்ற சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பார்த்து, இரண்டு எண்களையும் இங்கே இடுங்கள். டோன்ஆர்ம் கம்பிக்கும் சேர்த்து மொத்தம் 300-க்குள் நிற்கிறதா என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.